முழுக்கைச் சட்டைக்குள்

மிகயீல் புல்ககோவின் ‘மார்ஃபின்’ கதையைப் பற்றி இலக்கிய வாசகர்கள் பேசும்போதெல்லாம் பேச்சு அடிமைத்தனத்தின் உளவியலை நோக்கியே செல்கிறது. ஒரு நாட்குறிப்பின் மொழி மெல்லச் சிதைவது, மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது, இறுதியில் தற்கொலை. ஆனால் அக்கதை 1927-இல் முதலில் வெளிவந்தது மருத்துவப் பணியாளர்களுக்கான ஓர் இதழில். அதைப் படித்த மருத்துவர்களின் கண் வேறோர் இடத்தில் நின்றிருக்கும் என்று தோன்றுகிறது. டாக்டர் பல்யகோவின் முன்கைகளிலும் தொடைகளிலும் ஆறாத சீழ்க்கட்டிகள் இருக்கின்றன. அவசரத்தில் கொதிக்கவைக்காத ஊசியைப் பயன்படுத்தியதால் வந்தவை அவை.

பிறர் உடம்பில் அதே கட்டியைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அறிந்தவர் அவர். ஆயினும் தன் கையை இன்னொரு மருத்துவரிடம் இயல்பாக நீட்ட அவரால் முடிவதில்லை. புல்ககோவ் இதைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். ஸ்மொலென்ஸ்க் பகுதியின் கிராம மருத்துவமனையில் பணியாற்றிய இளவயதில் அவரே மார்ஃபினுக்கு அடிமையாகி, மனைவி தத்தியானா லாப்பாவின் துணையால் மீண்டவர். ஊசி ஏற்றிக்கொள்பவனின் கை முதலில் நோயுறுகிறது, பிறகு ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொள்வதே பல நேரங்களில் நோயைவிட அதிகச் சேதம் விளைவிக்கிறது. இக்கட்டுரை சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளாக டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன. அச்செய்திகளில் கைது இருக்கும், பறிமுதல் செய்யப்பட்ட மாத்திரைகளின் எண்ணிக்கை இருக்கும். அந்த இளைஞனின் கை என்ன ஆயிற்று என்பது இருக்காது. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தோடு மாவுப்பொருளும் பிணைப்புப் பொருள்களும் உண்டு. அவை நீரில் முழுமையாகக் கரைவதில்லை. துகள்கள் சிறு ரத்தக்குழாய்களை அடைக்கின்றன, நுரையீரல்வரை செல்கின்றன. ஊசி சிரைக்கு வெளியே இறங்கினால் அந்தக் கரைசல் தோலுக்கடியில் தேங்கிக் கட்டியாகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் சிரை தடித்து, இறுகி, மூடிக்கொள்கிறது. பிறகு ஊசி வேறிடம் தேடுகிறது: புறங்கை, கால், கடைசியில் தொடையிடுக்கு.

இவற்றை அடையாளம் காண மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. குத்திய இடத்தில் சற்றுச் சிவந்து, வலித்து, ஓரிரு நாளில் தணிவது சாதாரணம். சிவப்பு பரவுவது சாதாரணமல்ல. சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்துவைத்தால், சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். சூடும் வீக்கமும் கூடி நடுவில் மெத்தென்று ஆனால் அது சீழ்க்கட்டி. அதை மருத்துவர் கீறி வடிக்கவேண்டும். வீட்டில் பிளேடால் கீறுவதும் பிதுக்குவதும் கிருமியை உள்ளே தள்ளும். தொடையிடுக்கில் உள்ள கட்டி நாடிபோலத் துடித்தால் அது சீழ் அல்லாமல் சிதைந்த தமனியின் புடைப்பாக இருக்கக்கூடும். அதைக் கீறினால் ரத்தப்பெருக்கில் உயிர் போகும்.

தாமதமே கூடாத நிலைகளும் உண்டு. ஊசி இறங்கியவுடன் கை எரிந்து, விரல்கள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போனால் மருந்து தமனிக்குள் சென்றிருக்கலாம். விரல்களைக் காப்பாற்ற மணிக்கணக்கே அவகாசம். பார்வைக்குச் சிறிதாயிருக்கும் புண்ணில் தாங்கமுடியாத வலி இருந்தால் உள்ளே தசையுறை அழுகத் தொடங்கியிருக்கலாம். காலொன்று மட்டும் வீங்குவது, குளிரோடு காய்ச்சல், மூச்சுத்திணறல், இமை சரிந்து பேச்சுக் குழறுவது, தாடை இறுகுவது ஆகிய ஒவ்வொன்றும் உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறி.

தோற்றத்தை நம்பிக் காத்திருப்பதன் விலையை ஸ்காட்லாந்து 2000-ஆம் ஆண்டில் கண்டது. அந்தக் கோடையில் கிளாஸ்கோவிலும், பிறகு பிரிட்டன், அயர்லாந்தின் பிற இடங்களிலும் ஹெராயின் ஊசி ஏற்றியவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். குத்திய இடத்தில் வீக்கம். காய்ச்சல்கூடப் பலருக்குப் பெரிதாக இல்லை. பிறகு திடீரென ரத்த அழுத்தம் சரிந்தது. மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமி ஒன்று தசைக்குள் சென்று நஞ்சை உருவாக்கியிருந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நம்மூரில் அந்த இளைஞன் ஏன் காத்திருக்கிறான்? ஆனி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஏன் திரிகிறான்? அம்மா பார்த்துவிடுவாள், மருத்துவமனையில் எல்லோர் முன்னிலும் கேட்பார்கள், போலீசுக்குச் சொல்வார்கள் என்னும் அச்சங்கள் அவனுக்கு. ஆகவே மருந்துக்கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்குகிறான். வலி பொறுக்காமல் மருத்துவமனைக்கு வந்தாலும் எறும்புக் கடி, ஆணி குத்தியது என்கிறான். அந்தப் பொய்க்கும் விலை உண்டு. உடைந்த ஊசிமுனை உள்ளே இருக்கலாம், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சோதனைகள் தேவைப்படலாம் என்பதெல்லாம் உண்மை தெரிந்தால்தான் மருத்துவருக்குத் தோன்றும். உள்நோயாளியாகச் சேர்ந்தபின் போதை இறங்கும்போது வரும் உடல்வேதனைக்கு மருந்து தரப்படாவிட்டால், புண் பாதி ஆறுமுன் அவன் ஓடிவிடுவான். அதை ஒழுக்கக்கேடு என்று எழுதிவைப்பது எளிது.

‘புண்ணை ஆற்றி அனுப்பினால் மறுபடியும் குத்திக்கொண்டு வருவான்’ என்பார்கள். வரக்கூடும். சர்க்கரை நோயாளியும் கால் புண் ஆறியபின் மறுபடி இனிப்பு தின்னக்கூடும். அதற்காக அவர் காலுக்கு மருந்திடாமல் யாரும் அனுப்புவதில்லை. புண்ணோடு வரும் நாள்தான் பலருக்கு மருத்துவத்துடனான முதல் சந்திப்பு. அன்று கேட்கும் சொல்லைப் பொறுத்தே அடுத்த சந்திப்பு நிகழும். இதை நம் அரசும் அறியாததல்ல. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் தூய ஊசி வழங்குதலும் சீழ்க்கட்டிச் சிகிச்சையும், நாவின்கீழ் வைக்கும் மாற்றுமருந்தும் இடம்பெற்றுள்ளன. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்குள்ளான அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. 2019-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் ஊசிவழி போதை ஏற்றுபவர்களை ஏறத்தாழ 8.5 லட்சம் என்று மதிப்பிட்டது. திட்டமும் சட்டமும் ஏட்டில் இருக்கின்றன. அவை தன்னைப் போன்றவனுக்கானவை என்று அவர்களில் எத்தனை பேர் நம்புவார்கள்?

தொழுநோயில் நாம் இதை ஒருமுறை கற்றிருக்கிறோம். உணர்வற்ற தேமலை மறைத்தவர்களே விரல்களை இழந்தார்கள். மறைக்கவைத்தது கிருமியல்ல, ஊர். மருந்து வந்தபின்னும் ஊர் மாறாத இடங்களில் விரல்கள் போய்க்கொண்டிருந்தன. சொற்களோடு புழங்கும் நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். ‘போதை ஆசாமி’ என்று நாம் கூசாமல் எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு கை சட்டைக்குள் இன்னும் ஆழமாகச் செல்கிறது. வீட்டில் ஒருவன் கையை மறைத்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்பதல்ல. ‘எங்கே வலிக்கிறது, காட்டு’ என்பதே. மற்றக் கேள்விகளுக்குப் புண் ஆறியபின் நேரம் இருக்கிறது.