“சொந்தப் பாட்டெல்லாம் பிறகு பாப்பம் தம்பி”

“சொந்தப் பாட்டெல்லாம் பிறகு பாப்பம் தம்பி. இப்ப சனத்துக்குத் தெரிஞ்சதைப் போடுங்கோ.”

கொழும்பில் மேடை ஏறிய எந்தத் தமிழ் பேண்டுக்கும் இந்த வசனம் மனப்பாடம். கலியாண வீடு, பேர்த்டே, கெம்பஸ் விழா, எங்கே போனாலும் இதுதான். நாங்களும் இரண்டு வருடமாகத் தலையாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு வாசித்தோம். இப்போது முதல் அல்பத்துக்கு எட்டுப் பாட்டு எழுதி வைத்திருக்கிறோம். ‘பிறகு’ என்ற சொல்லை நம்பினால் அது வராது என்பதுதான் எங்கட கட்சி.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். ஃபேன் இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. ஃப்ளாட்டில் இருந்த எல்லோரும் மொட்டைமாடிக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் கேட்காத ஒரே சாமான் எங்கட பழைய கிட்டார்தான். கேஸ் வரிசையைப் பற்றி ஒரு பாட்டை அங்கேயே கட்டிப் பாடினோம். சினிமாப் பாட்டுக்கு அன்ரிமார் கை தட்டினார்கள். கேஸ் பாட்டுக்கு, “திருப்பிப் பாடுங்கோ” என்றார்கள். எங்கட பேண்ட் தொடங்கியது அந்த இரவில்தான்.

கிட்டார் பொப் என்றதும் “வெள்ளைக்காரன்ட மியூசிக்” என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் பைலாத் தாளத்தில் தமிழைப் போட்டார். ‘சின்ன மாமியே’ பாட்டில் இருப்பது மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிற சாதாரண வீட்டுப் பேச்சு. நிலா, மலர் என்று இலக்கியத் தமிழுக்குப் போகாமல், ஊர் கதைக்கிற தமிழிலேயே பாட்டு வந்தது. பிறகு ஏ.ஈ. மனோகரன் பொப்பிசைச் சக்கரவர்த்தி ஆனார். ‘சுராங்கனி’ கடல் தாண்டிப் போனது. எங்கட அம்மப்பா காலத்திலேயே இங்கே தமிழ் பொப் இருந்திருக்கிறது!

பிறகு என்ன நடந்தது? நித்தி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். மனோகரன் சென்னைக்குப் போய், 2018இல் அங்கேயே காலமானார். 83க்குப் பிறகு பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் உலகம் முழுக்கச் சிதறினார்கள். இங்கே மிஞ்சிய மேடைகளைத் தென்னிந்திய சினிமாப் பாட்டு நிரப்பியது. 2000களில் கிரிஷான் மகேசன் போன்றவர்கள் கொழும்பில் இருந்து தமிழ் ராப் செய்து காட்டினார்கள். கிட்டார் மட்டும் இன்னும் கலியாண வீட்டு மேடையிலேயே நிற்கிறது.

சினிமாப் பாட்டில் எங்களுக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், கலியாண வீட்டுக் காசில்தான் ஸ்டூடியோவுக்குக் கட்டப்போகிறோம். ஆனால் மற்றவர்களின் பாட்டை எவ்வளவு நன்றாக வாசித்தாலும், அதற்குள் எங்கட ஊர் வராது. காலி வீதியில் மழைக்குள் பஸ் பிடிக்கிறது, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, இரண்டு மொழியில் சண்டை பிடித்து மூன்றாவது மொழியில் சமாதானம் ஆகிறது, இதையெல்லாம் சென்னையில் இருக்கிற ஒருவர் எங்களுக்காக எழுதித் தரமாட்டார்.

“இப்ப ஆர் மச்சான் அல்பம் கேக்கிறது? ஒரு ரீல்ஸ் போடு” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான கேள்வி. ரீல்ஸில் முப்பது செக்கன் ஓடும், அடுத்த நாள் மறந்துபோகும். எட்டுப் பாட்டைச் சேர்த்துக் கேட்டால்தான் அவை ஒரு இடத்தில் இருந்து வந்தவை என்று விளங்கும். எங்களிடம் வசதி இல்லை. டெமோவுக்குக் குரலை அலுமாரிக்கு முன்னால், உடுப்புகளுக்கு நடுவில் நின்று பதிந்தோம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தவேண்டி வந்தது. ஒரு பாட்டில் மட்டும் ரயிலை அப்படியே விட்டுவிட்டோம். வெள்ளவத்தையில் பதிந்த பாட்டில் ரயில் கேட்காவிட்டால்தான் பிழை.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கட ட்ரம்மருக்குக் கனடா விசா வந்துவிட்டது. அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். கொழும்புத் தமிழர் என்றாலே ஏதோ விசாவுக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரித்தான் பலர் பார்க்கிறார்கள். போகிறவர்கள் போகட்டும். ஆனால் நாங்கள் இங்கே இருந்தோம், இப்படிக் கதைத்தோம், இதற்குச் சிரித்தோம் என்று ஏதாவது மிஞ்சவேண்டாமா? அவன் விமானம் ஏறுவதற்கு முதல் எட்டுப் பாட்டுக்கும் ட்ரம்ஸ் பதிந்து முடிக்கவேண்டும். மிச்சத்தை மெதுவாகச் செய்யலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை ஒரு கலியாண வீட்டில் பேண்ட் வாசித்தால், சாப்பாட்டுக்கு எழும்ப முதல் மேடைக்குக் கிட்டப் போய், “உங்கட சொந்தப் பாட்டு ஒண்டு போடுங்கோ” என்று சொல்லிப் பாருங்கோ. வாசிக்கிறவர்களிடம் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். இவ்வளவு நாளும் ஆரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.