மேடை தந்த டெல்லி கணேஷ்... தாம்பரத்தில் அடுத்த நடிகருக்கு மேடை எங்கே?

அப்பா, மாமா, மாமனார், சமையல்காரர், மிருதங்க வித்வான்... 400 படங்களுக்கு மேல் நடித்தவர் டெல்லி கணேஷ். டிவி சீரியல்களிலும் நம்ம வீட்டுப் பெரியவர் மாதிரியே வந்து போனார். 2024 நவம்பர் 9-ம் தேதி தனது 80-வது வயதில் சென்னை ராமாபுரம் வீட்டில் காலமானார். அவருக்கு விமானப்படையினர் மரியாதை செலுத்தினார்கள். ஒரு நடிகருக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

யூனிஃபார்மில் 10 வருடம்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாட்டில் 1944-ல் பிறந்தவர் அவர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை. தாம்பரம், சேலையூர் வாசிகளுக்கு ஏர்ஃபோர்ஸ் குடும்பங்கள் புதிதில்லை; அப்படி ஒரு வேலையில் இருந்துகொண்டே டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் படமாக்கியபோது, இவரையும் சினிமாவுக்குக் கூட்டிவந்தார். 'டெல்லி' என்ற அடைமொழியும் அவர் கொடுத்ததுதான்.

மேடை என்ன சொல்லித் தந்தது?

மேடையில் ரீடேக் கிடையாது. எதிரே நிற்பவர் வசனத்தை மறந்துவிட்டால், இவர்தான் சமாளிக்கணும். சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தி, அடங்கியதும் அடுத்த வார்த்தையைப் போடணும். 'சிந்து பைரவி'யின் மிருதங்கக் கலைஞரிடமும், 'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காடு மணி ஐயரிடமும் நாம் ரசித்த டைமிங்குக்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்துத் தள்ளும் சீரியலுக்கும் இதே பயிற்சிதான் கை கொடுக்கும். 'பசி' (1979) படத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு, 1994-ல் கலைமாமணி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது என்ன பிரச்னை?

நடிப்பு ஆசையுள்ள பெருங்களத்தூர் பையனிடம் இன்று செல்போன் இருக்கிறது. ரீல்ஸ் போடலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் நூறு பேரை அது தராது. நங்கநல்லூர், குரோம்பேட்டை பக்கம் சபாக்கள் இல்லாமல் இல்லை. இருந்தாலும் நாடகம் என்றால் பெரும்பாலும் தி.நகர் வாணி மஹாலுக்கோ, ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவுக்கோதான் போகணும். ஆபீஸ் முடித்து, மாம்பலத்தில் இறங்கி, ஒத்திகை பார்த்து, ராத்திரி கடைசி ரயிலைப் பிடிப்பது எத்தனை பேரால் முடியும்? பெண்களுக்கு இன்னும் கஷ்டம்.

5 நகராட்சிகள், 5 பேரூராட்சிகளைச் சேர்த்து 2021-ல் உருவானது தாம்பரம் மாநகராட்சி. 70 வார்டு உள்ள ஊரில் ஒரு நல்ல நாடக மேடை கேட்பது பேராசை இல்லை.

'குப்பை, மழைநீர்னு ஆயிரம் பிரச்னை இருக்கு, இப்போ நாடகமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் சமுதாய நலக்கூடங்களை, அந்த மாதங்களில் உள்ளூர் நாடகக் குழுக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடலாம். இரண்டு மைக், நாலு விளக்கு போதும். வரும் ஆடியிலேயே ஒரே ஒரு கூடத்தில் இதைத் தொடங்கிப் பார்க்க மாநகராட்சி முன்வர வேண்டும்.