சிறுமொழியும் இலக்கண வளமும்

பேசுவோர் சிலராயின் அம்மொழியின் இலக்கணமும் எளியதே என்போர் இன்றும் உளர். அன்னார் வனுவாத்து நாட்டின் அராக்கி மொழியை நோக்குவாராக. நுனிநா மேலுதட்டைப் பொருந்த அதில் மூன்று மெய்யொலிகள் பிறக்கின்றன. பெருமொழிகள் எதனிலும் இவை இல்லை. நிகழ்ந்ததையும் நிகழாததையும் வினைமுன் நிற்கும் எழுவாய்க் குறியே வேறுபடுத்தும். ‘என் உணவு’, ‘என் பானம்’ என்னுமிடத்து இரண்டிற்கும் உடைமைச்சொல் ஒன்றன்று. தமிழர் பெருமையுடன் எடுத்துக்காட்டும் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பாகுபாடும் அங்குண்டு, ஆங்கிலத்திலோ இல்லை! எனினும் ஆங்கிலத்தை எவரும் வறியதென்பதில்லை.

அலெக்சாந்தர் பிரான்சுவா எழுதிய அராக்கி இலக்கணம் 2002இல் வெளிவந்தபோது பேசுவோர் ஏறத்தாழ 15 பேரே. ஏனையோர் அயலிலுள்ள தங்கோவா மொழிக்கு மாறிவிட்டனர். எளிமை தேடி மாறினர் எனலாமோ? அந்த நாவிதழ் ஒலிகள் தங்கோவாவிலும் உள்ளனவே.