துணைக்கு யார்?

நம் இதழில் கும்பாபிஷேகச் செய்தி வருகிறது, பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண் வருகிறது, மணிவிழா வாழ்த்தும் வருகிறது. வீட்டில் ஒருவர் கடும் நோயில் கிடந்த கதையை மட்டும் யாரும் எழுதுவதில்லை. குணமாகிவிட்டால் ஏன் கிளற வேண்டும் என்கிறோம். குணமாகாவிட்டால் சொல்லவே வேண்டாம். "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே தவிர, அதன் பெயரை வாயால் உச்சரிப்பதில்லை. இந்த மௌனம் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் என் மனைவி தன் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதை உணர்ந்திருக்கிறாள். என்னிடம் சொன்னது ஜூன் மாதம், மகளின் திருமணம் முடிந்து சம்பந்தி வீட்டார் ஊருக்கு வண்டி ஏறிய மறுநாள். "முன்னாலேயே சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்குங்க" என்றாள். ஐந்து மாதங்கள்! ஒரே அறையில் படுத்து உறங்கிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "தாய்க்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும்" என்று சம்பந்தம் பேசும்போது கணக்குப் போடுகிற நம் கூட்டத்தின் மேல்தான் வந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். வீட்டில் சர்க்கரை டப்பா எது, ரவை டப்பா எது என்று தெரியாது. குக்கர் எத்தனை விசில் என்று பக்கத்து வீட்டு மலையாளி அம்மாவிடம் போய்க் கேட்டேன். அறுவை முடிந்து கீமோ தொடங்கியபோது, இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். முதல் நாலைந்து நாள் வாந்தி. பிறகு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைகிற காலம். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சுவரில் தேதி கிழிக்கும் காலண்டரில் அந்த நாட்களுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். கணக்குப் பிரிவு வேலை அதற்காவது உதவியது.

செம்பூரிலிருந்து ஹார்பர் வண்டியில் சிவ்ரி, அங்கிருந்து டாக்சியில் பரேல் டாட்டா நினைவு மருத்துவமனை. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பது எனக்கு மூன்றாவது முறைதான் தெரிந்தது. அதுவும் நடைமேடையில் கூடை வைத்திருந்த ஒரு மீன்காரி சொல்லித் தெரிந்தது. அதுவரை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றே வந்திருக்கிறாள்.

அந்த மருத்துவமனை எப்படி வந்தது என்று படித்துப் பார்த்தேன். தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931ல் இரத்தப் புற்றுநோயால் வேல்ஸ் நாட்டில் காலமானார். மனைவிக்காக 245 காரட் ஜூபிலி வைரத்தையே வாங்கிக் கொடுத்தவர் அவர். வைரம் இருந்தது, வைத்தியம் இல்லை. மறு ஆண்டே மனைவி பெயரில் அந்த நோயின் ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளை வைத்தார். அதே 1932 ஜூனில், இங்கிலாந்தில் இருந்த மனைவியின் சமாதியைப் பார்க்கப் போகும் வழியில் ஜெர்மனியில் இறந்தும் போனார். அவர் சொத்தில் உருவான அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28ல் பரேலில் மருத்துவமனையைத் திறந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் இப்படி ஒரு துக்கத்தில் முளைத்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954ல் அதைத் தொடங்கினார். வரிசையில் உட்கார்ந்திருந்த நேரங்களில் தோராப்ஜியை நான் பெரிய முதலாளியாக நினைக்கவில்லை. என்னைப் போல் கையைப் பிசைந்து நின்ற ஒரு புருஷனாகத்தான் நினைத்தேன்.

இனி பக்தி விஷயம். என் மனைவி முருக பக்தை. செட்டா நகர் முருகன் கோவிலுக்குச் செவ்வாய் தவறாமல் படியேறுகிறவள். நான் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கும் வகை. வெள்ளை அணு குறைந்த நாட்களில் கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எனக்குப் பதிலா நீங்க போங்க" என்றாள். போனேன். முதல் வாரம் வேண்டா வெறுப்பாக. நாலாவது வாரம் அர்ச்சகர் என்னைப் பார்த்ததும் அவள் பெயரும் நட்சத்திரமும் தானாகவே சொன்னார். உலகத்தில் இன்னொருவர் அவளை நினைவில் வைத்திருக்கிறார் என்று தோன்றியபோது, அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால் பதில் தெரியாது. செவ்வாய்க்கிழமை வந்தது, படி இருந்தது, ஏறினேன். பக்கத்து வீட்டு அம்மா ஒன்பது புதன்கிழமை மாஹிம் மாதா கோவில் நொவேனாவுக்குப் போய் வந்தார். அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் பக்தியின் பெயரால் வந்து பேசியவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "போன ஜென்மத்துப் பாவம்" என்று அவள் காதுபடவே சொன்னவர் ஒருவர். கீமோவை நிறுத்திவிட்டு வேர் மருந்து சாப்பிடு, நாற்பத்தெட்டு நாளில் கரையும் என்றவர் இன்னொருவர். இவர் பட்டதாரி, நம் உறவினர். பிரார்த்தனை மருந்தோடு கூட வரட்டும், மருந்தின் இடத்தில் வந்து உட்கார வேண்டாம். டாட்டா மருத்துவமனையார் 1998ல் தொடங்கிய ஓர் ஆய்வு மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கொரு முறை கையாலேயே மார்பைச் சோதித்தார்கள், இயந்திரம் ஏதும் இல்லை. 2021ல் முடிவு வெளிவந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. வெட்கத்தை விட்டுக் காட்டினாலே போதும் என்கிற விஷயத்தில் நாம் ஐந்து மாதம் மறைத்தோம்.

உதவி, எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. அறுவைக்கு முன் இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நெருங்கிய உறவில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ஆபீஸ் ஆடிட். தாராவியிலிருந்து எங்கள் தெருவுக்கு இட்லி கொண்டு வரும் தம்பி, நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இரண்டு நாளாக எங்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து விசாரித்திருக்கிறான். மறுநாள் காலை அவன் தாயார் நாலு பையன்களோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். "மதினிக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க ஏன் அண்ணாச்சி கலங்குதீய? மொதல்ல இந்த இட்லியைத் தின்னுங்க" என்றார். பதினைந்து வருடம் இட்லி வாங்கியிருக்கிறேன். அந்தப் பையனின் பெயரை அன்றுதான் கேட்டேன்.

நோய் ஒழிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இப்போது ஆண்டுக்கொரு முறை பரிசோதனை. அதற்கு முந்தைய வாரம் இருவருக்கும் தூக்கம் கிடையாது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்குக் குழு அமைக்கிறோம், பந்திக்குக் குழு அமைக்கிறோம். நோயாளி வீட்டுக்கு ஒரு குழு வேண்டாமா? பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. கீமோ நாளன்று மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். வீட்டில் ஒருவேளை ரசம் சாதம். இரத்தம் கொடுக்க இருபது இளைஞர்களின் பெயர்ப் பட்டியல். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. தாதர் காட்கே மஹராஜ் தர்மசாலையில் தங்கலாம் என்று சொல்லக்கூட ஆளில்லாமல் நடைபாதையில் படுத்துக் கிடக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் மனைவியின் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நிரப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

வியாழக்கிழமைகளில் காலை ஏழே முக்கால் வண்டியில் நான் சிவ்ரி போகிறேன். படிவம் நிரப்பவும், வரிசையில் நிற்கவும். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், முக்கியமாக ஆண்கள், வர விருப்பமிருந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம். செம்பூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் அருகே நிற்பேன். என் மனைவியும் சில வாரங்களில் வருவாள். இட்லி அவள் கொண்டு வருவாள்.