அடுப்பங்கரை அரட்டை: கோழிக் காலுக்கு நூறு சதவிகித வரி!

ஒரு கோழிக்கு இரண்டே கால்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? நெஞ்சுக் கறியை "சக்கையா இருக்கும்மா" என்று ஒதுக்கிவிட்டு, எல்லாரும் காலுக்குத்தான் கை நீட்டுவார்கள்.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே எலும்பில்லாத வெள்ளை நெஞ்சுக் கறிக்குத்தான் மவுசு, விலையும் அதற்குத்தான். போட்ட முதலில் பெரும்பகுதியை அதிலேயே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுகிற காலையும் தொடையையும் உறைய வைத்துக் கப்பலேற்றி, வந்த விலைக்கு வெளிநாடுகளில் தள்ளிவிடுகிறார்கள். 1990களில் ரஷ்யாவில் இப்படி வந்து குவிந்த கால்களுக்கு, அமெரிக்க ஜனாதிபதியின் பெயரை வைத்து 'புஷ் கால்கள்' என்றே ஜனங்கள் பெயரிட்டுவிட்டார்களாம்!

"மலிவாய் வந்தால் நமக்கு நல்லதுதானே?" என்று நினைப்பீர்கள். பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்க்கும் என் நாத்தனாரிடம் நானும் இதைத்தான் கேட்டேன்.

"அவங்களுக்குக் கால்ங்கிறது மிச்சமுங்க அண்ணி. மிச்சத்தை என்ன விலைக்கும் விக்கலாம். நாங்க முழுக் கோழியை வளர்த்து அந்த விலைக்குக் கொடுக்க முடியுங்களா?" என்றாள்.

அவள் வளர்ப்பது ஒப்பந்த முறையில். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுத்துவிடும். கொட்டகை, தண்ணீர், கரண்ட், பாடு இவளுடையது. ஏறக்குறைய 40 நாளில் குஞ்சு 2 கிலோ எடைக்கு வந்ததும் கம்பெனி லாரி வந்து ஏற்றிப் போகும். எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சித்திரை வெயிலில் கோழி சுருண்டு விழாமலிருக்கக் கூரைக்குத் தண்ணீர் அடிப்பதும், கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூளைக் கிளறிவிடுவதும், முதல் வாரக் குஞ்சுக்குச் சூடு பத்துகிறதா என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். கைப்பிள்ளைக்காரி பாடுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சந்தையில் கறி விலை விழுந்தால் கம்பெனி அடுத்த பேட்ச் குஞ்சைத் தள்ளிப்போடும். கொட்டகை காலியாகக் கிடக்கும். பாங்கிக் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் வரி வருகிறது. வெளிநாட்டுச் சரக்குக்கு முன்பெல்லாம் அளவுக் கட்டுப்பாடு இருந்தது. உலக வர்த்தக நிறுவன விதிப்படி 2001 ஏப்ரல் 1 முதல் அதை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது கோழித் துண்டுகளுக்கு 100 சதவிகித இறக்குமதி வரி விதித்தார்கள். அதாவது, துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு வந்து இறங்கும் காலுக்கு இன்னொரு 100 ரூபாய் வரி. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007ல் தனியாக ஒரு தடையும் போட்டது அரசு. அமெரிக்கா 2012ல் வழக்குக்குப் போனது. 2014லும், மேல்முறையீட்டில் 2015லும் நமக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு தடையைப் பற்றியது, வரியைப் பற்றியதல்ல.

வரியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டைப் பாருங்கள். 2003ல் கோழி இறக்குமதி வரியை 20லிருந்து 40 சதவிகிதமாக்கச் சட்டம் போட்டு, அதே வருஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்று அங்கே தின்னும் கோழியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் உறைந்த கறி. உள்ளூர்க் கறிக்கோழிப் பண்ணைகள் நொடித்துப் போயின.

அதற்காக எல்லா வரியும் கோழிக்காரருக்கு நல்லது என்றில்லை. வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். 2021ல் சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாய் ஏறியபோது, 12 லட்சம் டன் வரவழைக்க அரசு அனுமதி கொடுத்தது. கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. சோயா போட்ட விவசாயிக்கோ வயிறு எரிந்தது.

என் நாத்தனார் வீட்டிலேயே இந்தச் சண்டை உண்டு. அவள் கொழுந்தனார் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர். "காலுக்கு மட்டும் வரி வேணும், சோளத்துக்கு வேண்டாமா அண்ணி? இது எந்த ஊரு நியாயமுங்க?" என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் தப்பில்லை.

என் கட்சி இதுதான்: கால் மீதான வரியில் கை வைக்கக் கூடாது. மிச்சத்தின் விலையோடு உழைப்பின் விலையை மோத விடுவது போட்டியே அல்ல. தீவனத்தை மட்டும், நிஜமாகவே பஞ்சம் வந்த வருஷத்தில், அளவு சொல்லி வரவழைக்கலாம். அதுவும் நம் அறுவடை சந்தைக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

கொழுந்தனார் இதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.