இரும்புக்கையும் நம் கையும்

கும்மிடிப்பூண்டி லோகலில் தினம் போய்வரும் அன்பர்களே, திருவள்ளூர் மார்க்கத்து நேயர்களே! சென்ட்ரலிலிருந்து ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை நேரமும் செல்போனையே தேய்த்துக்கொண்டு இராமல் ஒரு சித்திரக் கதை படித்தால் என்ன? சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்களின் கதாநாயகர்களில் நாலு பேரைப் பற்றி என் அபிப்பிராயம் இதோ. ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்!

டெக்ஸ் வில்லர்: 1948-ல் இத்தாலியில் பிறந்த கௌபாய். குதிரை, புழுதி, துப்பாக்கி மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் வெறும் 'டுமீல்' கதையல்ல. நவஹோ செவ்விந்தியர்களுக்குத் தலைவராக இருந்து, அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்கிற மனிதர் இவர். அப்பாவும் பிள்ளையும் பிடுங்கிக்கொண்டு படிப்பார்கள். "கதையில் பெண்களுக்கு வேலையே இல்லையே!" என்று வீட்டம்மாள் குறைப்பட்டுக்கொண்டால், அது நியாயமான குறைதான்.

லக்கி லூக்: தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற ஆசாமி. பெல்ஜியத்துச் சித்திரக்காரர் மோரிஸ் 1946-ல் படைத்தார். டால்டன் சகோதரர்கள் நால்வர் அடிக்கிற கூத்துக்கே கொடுத்த காசு சரியாய்ப் போயிற்று. லக்கி லூக்கின் உதட்டில் எப்போதும் சிகரெட் தொங்கும். 1983-ல் மோரிஸ் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு புல்லைச் செருகினார். 1988-ல் உலக சுகாதார நிறுவனமே அவரைப் பாராட்டியது. குழந்தைகளுக்கு முதல் புத்தகம் இதுவாக இருக்கட்டும்.

இரத்தப் படலம்: நினைவு முழுதும் அழிந்துபோன ஒரு மனிதன், உடம்பில் 13 என்று ரோமன் எழுத்தில் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்று தேடிப் புறப்படுகிறான். சிக்கலான கதை. நடுவில் புகுந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. முதல் பாகத்திலிருந்து ஆரம்பியுங்கள். சிறுவர்களுக்கு வேண்டாம்.

இரும்புக்கை மாயாவி: 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவரோடுதான். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும்; கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! ஐம்பது வருஷம் தாண்டியும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் சும்மா நீட்டிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் லோகல் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதன் அருகே போனவன் மாயாவி ஆவதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கையை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை! இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று யந்திரம் செய்கிறார்கள். கை அடியில் சிக்கக்கூடாது என்பதுதான் காரணம். ஒரு பொத்தானைக் கட்டிவைத்து வேலையை வேகப்படுத்தச் சொல்பவர் யாராயிருந்தாலும், "என்னிடம் இரும்புக்கை இல்லை, ஐயா" என்று சொல்லிவிடுங்கள். விரல் போனால் ஈ.எஸ்.ஐ. பணம் வரலாம், விரல் வராது.

அதற்காக மாயாவியைப் பரண்மேல் போட்டுவிட வேண்டாம். ஷிப்டு முடிந்து வந்த அப்பா, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு படிக்கட்டும். "இது கதை, நம் கை இது" என்று காட்டிச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

என் தீர்ப்பு: சிரிக்க லக்கி லூக், ரயிலுக்கு டெக்ஸ், தூக்கம் வராத இரவுக்கு இரத்தப் படலம். மாயாவி மட்டும் இருவர் சேர்ந்து படிக்க வேண்டிய புத்தகம்.