எண்ணெயை பாக்டீரியா தின்னும். நஷ்டத்தை யார் தின்பது?



2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது நாடறிந்த செய்தி. இனி எங்கே கசிந்தாலும், "பாக்டீரியா பவுடர் தூவுகிறோம், சரியாயிடும்" என்று கையெழுத்துக் கேட்டு வருவார்கள்.

பாக்டீரியா பொய்யில்லை. டெல்லி டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டுதான். எண்ணெயிலுள்ள கார்பன்தான் அதுக்குச் சாப்பாடு. ஆனா தூவிட்டுப் போனா மட்டும் வேலை நடக்காது. காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் வேணும். மண்ணை அடிக்கடி கிளறிவிடணும். மாதக்கணக்கில் ஆகும். பூமிக்கடியிலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் உப்பையும் கன உலோகங்களையும் அது தின்னாது.

எனவே நாம் கேட்பது:

* தூவுமுன்னும் பின்னும், நம் கண்ணெதிரே மண்ணும் கிணற்றுத் தண்ணியும் எடுத்து அரசு ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்க வேண்டும்.
* நிலம் தரிசாய்க் கிடக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும்.
* உப்பேறிய மண்ணைச் சீர்படுத்தும் செலவும் கம்பெனியுடையதே.

பரிசோதனை முடிவு கைக்கு வராமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்! சங்கமாய்த் திரள்வோம்! மண்ணை மீட்போம்!